வழக்கமாகத் தங்கும் ஓட்டல்

"எந்த ஓட்டல்னு சொல்லிடுங்க சார், இப்பவே எழுதி அனுப்பிடறேன்" என்று மேனேஜர் பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

டைம் கீப்பர் தொண்டையைச் செருமினார். கூரையைப் பார்த்தார். அங்கே மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் எந்த ஓட்டலின் பெயரும் எழுதியிருக்கவில்லை.

"சிட்டியில ஓட்டல்னா சும்மாவா சார்? தெருவுக்குத் தெரு இருக்கு. நல்ல இடமா பார்த்துத்தான் சொல்லணும். கொஞ்சம் டைம் கொடுங்க."

"டைம் கீப்பருக்கே டைம் கொடுக்கணுமா!" என்று மேனேஜர் சிரித்தார். சுற்றி நின்ற டிரைவர்களும் கண்டக்டர்களும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள்.

விஷயம் இதுதான். அந்தச் சிற்றூர் பஸ் நிலையத்தில் இருபத்தைந்து வருஷம் ஒரு வண்டியைக் கூடத் தாமதமாகக் கிளப்பாமல் வேலை பார்த்ததற்காக, நிர்வாகம் அவருக்கு ஒரு பரிசு கொடுத்திருந்தது. மனைவியோடு சிட்டிக்குப் போய்ப் பெரிய ஓட்டல் ஒன்றில் இரண்டு நாள் தங்கிவிட்டு வரலாம். ஓட்டலை அவரே தேர்ந்தெடுக்கலாம். "மத்தவங்கன்னா நாங்களே ஒண்ணைப் பார்த்துப் போட்டுடுவோம். நீங்க சிட்டியைக் கரைச்சுக் குடிச்சவர். உங்களுக்கு நாங்க சொல்றதா?" என்று பொறுப்பை அவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

சிட்டியைக் கரைத்துக் குடித்தவர் சிட்டிக்குப் போனதே கிடையாது.

நம்புவது கஷ்டம்தான். ஏனென்றால் அந்த ஊரில் யார் சிட்டிக்குக் கிளம்பினாலும் முதலில் அவருடைய கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால்தான் வந்து நிற்பார்கள். "சார், பெரியாஸ்பத்திரிக்கு எங்க இறங்கணும்?" என்று கேட்பார்கள். மைக்கை ஓரமாகத் தள்ளிவிட்டு, "பாலத்துக்கு முன்னாடி இறங்காதீங்க, சுத்து. பாலம் தாண்டி இறங்கிப் பின்னாடி நடங்க" என்பார். சரியாகவும் இருக்கும். எல்லாம் டிரைவர்கள் டீ குடிக்கும்போது பேசிக்கொள்வதைக் காதில் வாங்கிச் சேர்த்து வைத்தது. வருஷக்கணக்கில் சேர்த்ததில், அங்கே போய்வந்தவர்களுக்கே அவர் வழி சொல்லும் அளவுக்கு முன்னேறிவிட்டார்.

போகாததற்கு ஒரு காரணம் உண்டு. வெளியே சொன்னால் வெட்கக்கேடு. பஸ்ஸுக்கெல்லாம் நேரம் சொல்லும் மனிதருக்குப் பஸ்ஸில் ஏறினால் குமட்டும். நாலு ஸ்டாப் தாண்டுவதற்குள் குடலே வாய்க்கு வந்துவிடும். அதனால்தான் வேலைக்குச் சைக்கிளில் போனார். கேட்டால் உடற்பயிற்சி என்பார்.

கல்யாணமான புதிதில் மனைவி ஆசையாகக் கேட்டாள். "நீங்க சிட்டிக்குப் போயிருக்கீங்களா?"

"போயிருக்கேனாவா? டிரெய்னிங்கே அங்கதான். பெரிய ஓட்டல்ல தங்க வச்சாங்க. அப்புறம் எத்தனையோ தடவை."

"நாமளும் ஒரு தடவை போவோமே."

"உனக்கு ஒத்துக்காது. ஒரே தூசி, ஒரே நெரிசல். ரோட்டைத் தாண்டவே தனியா தைரியம் வேணும். நீ தாங்க மாட்டே."

கொஞ்ச வருஷம் கேட்டுப் பார்த்துவிட்டு அவள் விட்டுவிட்டாள். புரிந்துகொண்டாள் என்று அவர் நிம்மதியடைந்தார். அவளுக்கும் வீட்டில் வேலை நிறைய. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை தைப்பவள். வருஷா வருஷம் விடுமுறையில் வேறொரு ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய், ஒரு வாரம் இருந்து, அக்காவோடு சேர்ந்து துணி வாங்கி, பெரிய பெரிய மூட்டைகளோடு திரும்புவாள். அந்த வண்டிக்கு அவரே விசில் ஊதி, கையாட்டி அனுப்பி வைப்பார். அக்கா வீட்டைத் தவிர வேறு உலகம் தெரியாதவள் என்று அப்போதெல்லாம் அவள்மேல் ஒரு பரிவு கூட வரும்.

இப்போது குட்டு வெளிப்பட்டால் பஸ் நிலையத்தில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அது ஒரு மாதத்தில் அடங்கிவிடும். மனைவி சிரிக்க மாட்டாள். இதைச் சொல்லியா இத்தனை காலம் என்னைக் கூட்டிக்கொண்டு போகாமல் இருந்தீர்கள் என்று ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குத்தான் அவர் பயந்தார்.

வீட்டில் செய்தியைச் சொன்னதும் தையல் மெஷின் நின்றது.

"அடேயப்பா, ஒருவழியா என்னைச் சிட்டிக்குக் கூட்டிட்டுப் போறீங்க!" என்றாள் மனைவி. முகம் மலர்ந்திருந்தது. "நீங்க டிரெய்னிங்ல தங்கினீங்களே, அந்த ஓட்டலுக்கே போயிடுவோம். பழகின இடம் பாருங்க."

"அது... பழசாயிருக்கும்."

"பேர் என்னப்பா?" என்று கேட்டபடி மகள் செல்போனைக் கையில் எடுத்தாள். கல்லூரியில் படிக்கிற பெண். அந்தப் போன் அவள் கைக்கு வந்தாலே டைம் கீப்பருக்குக் கொஞ்சம் உதறல்தான்.

"பேரெல்லாம் இப்ப மாத்தியிருப்பாங்கம்மா."

"சரி, எங்க இருந்துச்சு?"

"ஊருக்கு நட்டநடுவுல. அதான் அதோட விசேஷம். எங்க போகணும்னாலும் ஒரே தூரம்."

மகள் போனில் வரைபடத்தை இரண்டு விரலால் விரித்தாள். "ஊருக்கு நட்டநடுவுல ஆறு ஓடுதுப்பா. தண்ணிக்குள்ள வச்சா டிரெய்னிங் கொடுத்தாங்க?"

"ஆத்தங்கரையிலன்னு அர்த்தம்."

"இந்தக் கரையில ஜெயில் இருக்கு. அந்தக் கரையில சாக்கடைத் தண்ணி சுத்தம் பண்ற இடம். இதுல எதுப்பா உங்க ஓட்டல்?"

"ஜெயில்ல போட்டிருந்தா அப்பா சொல்லியிருப்பார்டி. சும்மா தொணதொணக்காதே" என்று மனைவி மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். மகள் செல்போனால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். டைம் கீப்பர் தாகம் எடுத்தவர் போலச் சமையலறைக்குள் நழுவினார்.

மறுநாள் சிட்டி வண்டி டிரைவரைப் பிடித்தார். பெரிய மீசை வைத்தவர், பேச்சும் மீசையைப் போலவே அடர்த்தி. அவரிடம் நேராகக் கேட்க முடியாது. கேட்டால் மானம் போய்விடும்.

"மீசை, நான் மனசுல ஒரு ஓட்டலை வச்சிருக்கேன். நீ தினமும் போறவன். இருக்கறதுலயே நல்ல இடத்துல இருக்கற பெரிய ஓட்டல் எதுன்னு சொல்லு. சரியா சொல்றியான்னு பார்க்கிறேன்."

மீசை யோசிக்கவே இல்லை. "இதுல என்ன சார் சந்தேகம்? நீலக் கண்ணாடி ஓட்டல்தான்."

"சபாஷ்! அதேதான்!"

"அது மாதிரி ஒரு இடம் சிட்டியிலயே கிடையாது சார். என்னா வசதி!"

"ஆமாமா" என்று சொல்லிவிட்டு டைம் கீப்பர் வீட்டுக்குப் பறந்தார். மகள் அந்த ஓட்டலைத் தேடி, அங்கே தங்கியவர்கள் எழுதியதை உரக்கப் படித்தாள்.

"'ராத்திரி முழுக்க ஹாரன். பொட்டுத் தூக்கம் இல்லை.' இன்னொருத்தர், 'ஜன்னலைத் திறந்தால் டீசல் புகை. எதிரே டயர் கடை.' இன்னொருத்தர், 'வாசலில் ஓயாமல் பஸ்கள் திரும்பிக்கொண்டே இருக்கின்றன. ஏன் என்று தெரியவில்லை.'"

ஏன் என்று டைம் கீப்பருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மாலையில் மீசையிடம் கேட்டு உறுதியும் செய்துகொண்டார். மீசை பெருமையோடு விளக்கினார். "அந்த ஓட்டல் வாசல்லதான் சார் ரிவர்ஸே எடுக்காம ஒரே வளைப்புல வண்டியைத் திருப்பலாம். அவ்ளோ அகலம். டயர் போனா எதிர்லயே மாத்திக்கலாம். டீசலுக்கும் அலைய வேணாம். வேற என்ன சார் வேணும் ஒரு மனுஷனுக்கு?"

இருபத்தைந்து வருஷமாகத் தான் அறிந்து வைத்திருந்த சிட்டி முழுக்க முழுக்கப் பஸ்ஸின் சௌகரியத்துக்காகக் கட்டப்பட்டது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

"ஏங்க, இவ்வளவு ஏன் மண்டையைக் குடைஞ்சுக்கறீங்க?" என்றாள் மனைவி அன்று இரவுச் சாப்பாட்டின்போது. "எனக்கு என்ன வேணும்னு சொல்றேன். எதிர்ல ஒரு பூங்கா இருக்கணும். துணிக்கடைத் தெருவுக்கு நடந்தே போற தூரமா இருக்கணும். ஜன்னல்ல காலை வெயில் விழணும். லிஃப்டை ஒட்டின ரூம் வேணாம், கடகடன்னு சத்தம் கேட்கும். அவ்வளவுதான்."

டைம் கீப்பருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரைப் பார்க்காதவள் கற்பனையில் ஒரு சொர்க்கத்தையே கட்டி வைத்திருக்கிறாள்! "அம்மாடி, நீ சொல்ற மாதிரி ஓட்டலை இனிமே யாராவது கட்டினாத்தான் உண்டு."

"இருக்கேப்பா" என்றாள் மகள், போனை நீட்டி. "பூங்காவுக்கு எதிர்ல. வெள்ளைக் கட்டடம். துணிக்கடைத் தெரு அடுத்த திருப்பம். பெரிய ஓட்டல்தான். எல்லாரும் நல்லா எழுதியிருக்காங்க."

படத்தைப் பார்த்தார். உயரமான தூண்கள், வாசலில் பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டுடன் ஒரு ஆள். நல்ல இடம்தான். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"அட, இதான்! இதேதான் நான் தங்கின ஓட்டல்! வெள்ளை அடிச்சதால சட்டுனு அடையாளம் தெரியல!"

மனைவி தட்டிலிருந்து தலையை உயர்த்தினாள். அவரை ஒரு கணம் கூர்ந்து பார்த்தாள்.

"இதேவா?"

"இதேதான். எப்பவும் அங்கதான். சிட்டிக்குப் போனா எனக்கு அதுதான் வீடு மாதிரி."

"அப்ப அங்க உங்களை நல்லாத் தெரியும்னு சொல்லுங்க."

"தெரியுமாவா? இந்தக் கோட்டு போட்ட ஆள் இருக்கானே, என்னைப் பார்த்தா சல்யூட் அடிச்சுட்டுத்தான் கதவையே திறப்பான்!"

"ரொம்ப நல்லதாப் போச்சு. நான் பார்க்கணும் அதை" என்றாள் மனைவி. மகளுக்குப் புரையேறியது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார்கள்.

ஓட்டல் முடிவாகிவிட்டது. மேனேஜர் அங்கே ஒரு அறைக்கு ஏற்பாடு செய்துவிட்டார். அடுத்த சங்கடம் மறுநாளே வந்தது.

"சார், என் வண்டியில முதல் சீட்டு உங்களுக்கும் அம்மாவுக்கும் ஒதுக்கியாச்சு" என்றார் மீசை.

டைம் கீப்பருக்கு அப்போதே குமட்டியது. "வேணாம் மீசை. நாங்க ரயில்ல போயிக்கறோம்."

பஸ் நிலையமே ஸ்தம்பித்தது. இருபத்தைந்து வருஷம் பஸ் உப்பைத் தின்றவர் ரயிலில் போவதா? கண்டக்டர் ஒருவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, "நாங்க என்ன சார் தப்பு பண்ணோம்?" என்று கேட்டார்.

"தப்பு இல்லப்பா. என் சம்சாரத்துக்குப் பஸ் ஒத்துக்காது. வாந்தி வரும்" என்று பழியைத் தூக்கி மனைவிமேல் போட்டார்.

"அம்மாவுக்கா? வருஷா வருஷம் அக்கா ஊருக்கு இந்த ரூட்ல எத்தனை தடவை வந்திருக்காங்க. ஏறி உட்கார்ந்தா பச்சைக் குழந்தை மாதிரி தூங்குவாங்க சார்!" என்றார் மீசை.

அவரே விசில் ஊதி அனுப்பிய வண்டி. திருதிருவென்று விழித்துவிட்டு, "அப்ப சரி, பஸ்லயே வரோம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

கிளம்பும் நாள் நெருங்க நெருங்க, அந்தக் கோட்டுக்காரன் கனவில் வர ஆரம்பித்தான். சல்யூட் அடிக்காமல், "யாருய்யா நீ?" என்று கேட்டான். கடைசியில் துணிந்து, கூட்டம் குறைந்த மதிய நேரத்தில், கண்ணாடிக் கூண்டிலிருந்தே ஓட்டலுக்குப் போன் போட்டார்.

தேன் போன்ற குரலில் ஒரு பெண் பேசினாள். "வணக்கம், வரவேற்பறை."

"அம்மா, நாளைக்கு என் பேர்ல ரூம் போட்டிருக்கு. நானும் என் சம்சாரமும் வரோம். ஒரு சின்ன உதவி. நான் உள்ளே வரும்போது என்னை முன்னாடியே தெரிஞ்ச மாதிரி நடந்துக்கணும்."

"எல்லா விருந்தினரையும் நாங்க வீட்டு மனுஷங்க மாதிரிதான் சார் வரவேற்போம்."

"அது பத்தாதும்மா. வாசல்ல நிக்கறவர் சல்யூட் அடிக்கணும். அடிச்சுட்டு..." இங்கே ஆர்வத்தில் குரல் உயர்ந்தது, முழங்கை போய் மைக்கின் சுவிட்சில் பட்டது. "'ரொம்ப நாளா ஆளைக் காணோமே'ன்னு சொல்லணும்!"

பஸ் நிலையத்தின் எல்லா ஒலிபெருக்கிகளிலும் அது முழங்கியது. டைம் கீப்பர் பதறி மைக்கை அணைத்தார். அதற்குள், கூண்டுக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது.

"யாரைக் காணோம் சார்?" "குழந்தையா, பெரியவங்களா?" "எத்தனை நாளா?" மீசை ஏற்கெனவே இரண்டு கண்டக்டர்களைக் கழிப்பறைப் பக்கம் தேட அனுப்பிவிட்டார். ஒரு பயணி தன் சொந்த மாமனாரைக் காணோம் என்று அழ ஆரம்பித்தார். மாமனார் பெஞ்சுக்கு அடுத்த பக்கம் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

வேறு வழியில்லாமல் டைம் கீப்பர் மைக்கைப் போட்டு, "காணாமல் போனவர் கிடைத்துவிட்டார், பயணிகள் கவலைப்பட வேண்டாம்" என்று அறிவித்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி ரிசீவரை எடுத்தார். அந்தப் பெண் இன்னும் இணைப்பில் இருந்தாள்.

"கிடைச்சுட்டாரா சார்?"

"அது வேற விஷயம்மா. நான் சொன்னது...?"

"யார் பேர்ல ரூம்னு ஒரு தடவை சொல்லுங்க சார், பார்த்துடறேன்."

பேரைச் சொன்னார். ஊரைச் சொன்னார். கேட்டதால் மனைவி பேரையும் சொன்னார். மறுமுனையில் பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரலில் ஒரு புதுக் கனிவு.

"கவலையே படாதீங்க சார். வாசல்லயே சொல்லி வைக்கிறேன். தெரிஞ்சவங்களை வரவேற்கிற மாதிரியே வரவேற்போம். உங்களுக்கு ஏதாவது அடையாளம்?"

"நீலக் கட்டம் போட்ட சட்டை. மறந்துடாதீங்க. நீலக் கட்டம்!"

அன்று இரவு டைம் கீப்பர் நிம்மதியாகத் தூங்கினார். நீலக் கட்டம் போட்ட சட்டையைத் தானே தேய்த்து, கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தார்.

அந்தச் சட்டை மலைப்பாதை வரைதான் தாக்குப் பிடித்தது.

முதல் சீட்டு. மீசையின் உற்சாகம். "சார், உங்களுக்காக இன்னிக்குப் பறக்கப் போறேன்!" என்று பறந்தே விட்டார். மூன்றாவது வளைவில் டைம் கீப்பர் கண்ணை மூடினார். நாலாவதில் வாயை மூடினார். அடுத்ததில் எதுவுமே மூடவில்லை.

வண்டி ஓரம் கட்டி நின்றது. மனைவி அலட்டிக்கொள்ளவே இல்லை. பையைத் திறந்து ஒரு எலுமிச்சம்பழம், ஒரு துண்டு, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு வெள்ளைச் சட்டை என்று வரிசையாக எடுத்தாள்.

"இதெல்லாம் எப்ப எடுத்து வச்சே?"

"கிடக்கட்டுமேன்னுதான். பழத்தை மோந்துக்கிட்டே நேரா ரோட்டைப் பாருங்க. பக்கத்துல பார்க்காதீங்க."

"நேத்து சாப்பிட்டது ஏதோ சேரல. எனக்குப் பஸ்ல இப்படியெல்லாம் வந்ததே இல்ல."

"தெரியுங்க" என்று சொல்லி அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். நீலச் சட்டையைப் பாட்டில் தண்ணீரில் அலசிப் பிழிந்தாள். பையில் வைக்கப் போனவளை அவர் தடுத்து, சட்டையைத் தன் கையிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்.

"ஈரங்க அது."

"இருக்கட்டும். காத்துல காயும்."

மதியம் சிட்டி வந்தது. பெரிய நாற்சந்தி ஒன்றில் மீசை வண்டியை நிறுத்தினார். "ஓட்டல் இங்கேருந்து நடக்கற தூரம்தான். உங்களுக்கு நான் வழி சொல்லணுமா சார்?" என்று சிரித்துவிட்டு, கையாட்டியபடி போய்விட்டார்.

டைம் கீப்பர் நடைபாதையில் நின்றார். நாலு பக்கமும் ரோடு. ஒவ்வொன்றும் ஆறு போல ஓடிக்கொண்டிருந்தது. கட்டடங்களைப் பார்க்கக் கழுத்தை வளைத்ததில் தலை சுற்றியது. ஆனாலும் மனிதர் அசரவில்லை. "வா, இப்படி" என்று இடது பக்கம் திரும்பி, தெரிந்தவர் போல விறுவிறுவென்று நடந்தார். மனைவி பையோடு பின்னால் போனாள். அந்தத் தெரு ஒரு பள்ளிக்கூடத்தின் சைக்கிள் நிறுத்துமிடத்தில் போய் முடிந்தது.

"எல்லாத்தையும் மாத்திட்டாங்க. முன்னாடி இந்த வழி திறந்திருக்கும்" என்றார், பூட்டிய கேட்டைப் பார்த்துக் குறைபட்டபடி.

"இருக்கும். வெயிலா இருக்கே, அந்தப் பக்கம் நிழலா நடப்போமா?"

நிழல் தேடுவதில் பெண்களுக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு என்று நினைத்துக்கொண்டு உடன் போனார். பெரிய ரோட்டைத் தாண்ட வேண்டியிருந்தது. லாரி, கார், பஸ், இரைச்சல். மனைவி சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பாவம், பயந்துவிட்டாள். "பயப்படாதே, நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு டைம் கீப்பர் கண்களை இறுக மூடிக்கொண்டார். திறந்தபோது எதிர்ப்பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். இன்னும் இரண்டு நிழல்களைத் தாண்டினார்கள். ஒரு பூங்கா வந்தது. பூங்காவுக்கு எதிரே, படத்தில் பார்த்த அதே வெள்ளைத் தூண்கள்!

"பார்த்தியா? எப்படிக் கூட்டிட்டு வந்தேன்!" என்றார்.

"அதானே" என்றாள் மனைவி.

அவள் நெற்றியில் வியர்வை மினுங்கியது. பூங்காவைப் பார்த்து முகமெல்லாம் சந்தோஷமாக நின்றாள். அதைப் பார்த்ததும் டைம் கீப்பர் தன்னையே நொந்துகொண்டார். இந்தச் சந்தோஷத்தைத்தான் ஒரு வெட்டிப் பொய்யால் இத்தனை வருஷம் இவளுக்குக் கிடைக்கவிடாமல் செய்திருக்கிறோம். தூசி என்றோம், நெரிசல் என்றோம், தாங்க மாட்டாய் என்றோம். இவளோ வெயிலில் நடந்தும் ஒரு முகச்சுளிப்பு இல்லாமல் நிற்கிறாள். எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா என்று தோன்றியது.

"ஏம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"எனக்கும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். முதல்ல உள்ளே போவோம், வாங்க."

வந்த தைரியம் அதற்குள் போய்விட்டது. இனி எல்லாம் அந்தக் கோட்டுக்காரர் கையில் இருந்தது. படிகளின் மேலே, பித்தளைப் பொத்தான்கள் பளபளக்க, அவர் நின்றுகொண்டிருந்தார். டைம் கீப்பர் தன்னைப் பார்த்துக்கொண்டார். வெள்ளைச் சட்டை! அடையாளம் தெரியாதே!

யோசிக்க நேரமில்லை. ஈரமான நீலக் கட்டச் சட்டையை இரண்டு கைகளாலும் விரித்து, வண்டிக்குக் கொடி காட்டுவது போல மார்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அப்படியே படியேறினார். கண்ணாடிக் கதவிலிருந்து வெளியே வந்த வெள்ளைக்காரத் தம்பதி ஒதுங்கி வழிவிட்டார்கள். சட்டையிலிருந்து பளிங்குப் படிகளில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

கோட்டுக்காரர் பார்த்தார். சட்டையைப் பார்த்தார், பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. கால்களைச் சேர்த்து நிமிர்ந்து, படாரென்று ஒரு சல்யூட் அடித்தார்.

டைம் கீப்பருக்கு உயிர் வந்தது. அந்தத் தேன்குரல் பெண் சொன்னபடியே செய்துவிட்டாள், நன்றாக இருக்கட்டும்! சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, மனைவி பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "என்னப்பா, சௌக்கியமா?" என்று கையை நீட்டினார்.

கோட்டுக்காரர் நீட்டிய கையைத் தாண்டி இரண்டு படி கீழே இறங்கினார். மனைவியின் கையிலிருந்த பையை உரிமையோடு வாங்கிக்கொண்டார்.

"வாங்கம்மா, வாங்க! ரொம்ப நாளா ஆளைக் காணோமே! அக்கா வரலியா இந்தத் தடவை? உங்க ரூமையே எடுத்து வச்சிருக்கு, பூங்காவைப் பார்த்த மாதிரி, லிஃப்டுக்குத் தள்ளி."

பிறகு, தோளில் ஈரச் சட்டை சொட்ட, கையை நீட்டியபடியே நிற்கும் மனிதரைத் திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்திப் பரிவோடு கேட்டார்:

"சார் சிட்டிக்கு முதல் தடவையாம்மா?"